இரண்டாவது நாப்

போன மாதம் குடியாத்தத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பவர் சப்ளை வந்துடுச்சு. 30 வோல்ட், 10 ஆம்பியர். ஆனா ஒரு பயம். என் போர்டுக்கு அரை ஆம்பியர்கூட வேணாம். இது 10 ஆம்பியரையும் உள்ள தள்ளி எரிச்சிடாதா?"

நல்ல கேள்வி. கேட்கக் கூச்சப்பட்டு நிறைய பேர் கேட்காமலே விட்டுவிடும் கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டேன். "திருகுற நாப் ரெண்டும் இப்ப எப்படி இருக்கு?"

"வோல்ட் நாப் ஜீரோல இருக்கு. கரண்ட் நாப் ஃபுல்லா வச்சிருக்கேன் மாமா. காலேஜ்ல அப்படித்தான் வைப்போம்."

"எதையும் மாட்டாதே. ஞாயிற்றுக்கிழமை நானே வரேன்" என்றேன்.

வேலூர்ப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் 22 வருஷம் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொண்டவன் நான். எங்கள் லேபில் இந்தப் பெட்டியைப் பவர் சப்ளை என்று யாரும் சொல்வதில்லை, ஆர்.பி.எஸ். என்றுதான் சொல்வோம். ரெகுலேட்டட் பவர் சப்ளை. சுவர் மின்சாரத்தை நாம் வைக்கும் வோல்ட்டுக்கு டி.சி.யாக மாற்றித் தரும் பெட்டி. மேசைக்கு ஒன்று இருக்கும். இரண்டு சேனல், ஒவ்வொன்றும் 0 முதல் 30 வோல்ட், 2 ஆம்பியர். முதல் செமஸ்டரில் மாணவன் தொடுகிற முதல் கருவியும் அதுதான். அதனாலேயோ என்னவோ, அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. மின் அலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ.வுக்கு ஒரு முழு வகுப்பு உண்டு. ஆர்.பி.எஸ்.ஸுக்கு சீனியர் மாணவன் சொல்லும் ஒரே வரிதான்: "கரண்ட் நாபை ஃபுல்லா வச்சிடு, அப்புறம் வோல்ட்டை ஏத்து."

அந்த ஒரு வரி தலைமுறை தலைமுறையாக வருகிறது. நான் எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த ஜூலையில் புதிய பேட்ச்சுடன் திரும்பி வந்துவிடும். காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. கரண்ட் நாப் முழுதாக இருந்தால் வோல்ட் மீட்டர் சொன்ன பேச்சு கேட்கும், எந்த விளக்கும் மிரட்டாது, ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டிய எண் சீக்கிரம் கிடைத்துவிடும்.

முதலில் அவன் பயத்துக்குப் பதில். 10 ஆம்பியர் என்பது அந்தப் பெட்டியால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. அது தானாக எதையும் தள்ளுவதில்லை. நீங்கள் வைத்த வோல்ட்டுக்கு, மாட்டிய பொருள் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் போகும். 12 வோல்ட் வைத்து 24 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் அரை ஆம்பியர். 2 ஆம்பியர் பெட்டியானாலும், 10 ஆம்பியர் பெட்டியானாலும், லாரி பேட்டரியே ஆனாலும் அதே அரை ஆம்பியர்தான். போர்டு நன்றாக இருக்கும்வரை இதில் பயப்பட எதுவும் இல்லை.

போர்டு நன்றாக இல்லாத நாளில்தான் கதை மாறுகிறது. சால்டர் செய்யாமல் சர்க்யூட் கட்டும் துளைப் பலகையான பிரெட்போர்டில் ஒரு கம்பி ஒரு துளை தள்ளிச் செருகப்பட்டிருக்கும். ஐ.சி. என்ற சிப் தலைகீழாக இருக்கும். இரண்டு சால்டர் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அப்போது அந்தப் பொருள் கேட்கிற கரண்டுக்கு எல்லையே இல்லை. கரண்ட் நாப் முழுதாக இருந்தால் பெட்டி தன்னிடம் உள்ளதை எல்லாம் கொடுத்துவிடும். 2 ஆம்பியரில் ஒரு ஐ.சி. கருகும். 10 ஆம்பியரில் தலைமுடி மாதிரி இருக்கும் பிரெட்போர்டு கம்பியின் உறை உருகி மேசையில் ஒட்டும்.

இரண்டாவது நாப் இருப்பது அதற்காகத்தான். "தவறு நடந்தால், எவ்வளவு வரைக்கும் அனுமதிப்பேன்?" என்று முன்கூட்டியே முடிவு செய்துவைக்கிற இடம் அது. வோல்ட் நாப் போர்டின் தேவையைச் சொல்கிறது. கரண்ட் நாப் உங்கள் தவறுக்கு வரம்பு கட்டுகிறது. அதை முழுதாகத் திருப்பி வைப்பது, வரம்பே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

ஞாயிறு காலை காட்பாடி, கே.வி.குப்பம் வழியாகப் போகும் பஸ்ஸில் குடியாத்தம் போய் இறங்கினேன். அக்கா வீட்டு மாடி அறையில் மேசை, பெட்டி, வைஃபை உள்ள ஈ.எஸ்.பி. போர்டு ஒன்று, கைத்தறிக்கு நூல் சுற்றும் ராட்டை ஒன்றின் மோட்டார். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவன், அவனுக்கு அந்த ஆசை வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கரண்ட் வரம்பு வைப்பதை முதலில் செய்து காட்டினேன். வோல்ட்டை 3 அளவுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். கரண்ட் நாபை இடப்பக்கம் முழுதாகத் திருப்ப வேண்டும். பேட்ச் கார்டு என்ற இணைப்புக் கம்பி ஒன்றை எடுத்து சிவப்பு முனையையும் கருப்பு முனையையும் நேரடியாக இணைக்க வேண்டும். பிறகு கரண்ட் நாபை மெதுவாக ஏற்றி, மீட்டரில் வேண்டிய அளவு வந்ததும் நிறுத்த வேண்டும். பேட்ச் கார்டை எடுத்துவிட்டு, வேண்டிய வோல்ட்டை வைக்க வேண்டும். அவ்வளவுதான், அரை நிமிட வேலை. புது மாடல்களில் வரம்பை நேராக எண்ணாகவே வைக்கலாம், ஷார்ட் செய்யத் தேவையில்லை.

ஷார்ட் என்றதும் அவன் முகம் மாறியது. எல்லா மாணவர்களுக்கும் மாறும். ஷார்ட் செய்யவே கூடாது என்றுதானே சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறோம். இந்தப் பெட்டியை அதைத் தாங்கும்படியே கட்டியிருக்கிறார்கள், கரண்டை அளந்து தானே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியிலோ, இன்வெர்ட்டரிலோ, சுவர் பிளக்கிலோ இதை மறந்தும் செய்யக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தர வேண்டும். பாதியை மட்டும் சொல்வது ஆபத்து.

எவ்வளவு வைப்பது? 555 டைமர் ஐ.சி.யும் ஒரு எல்.இ.டி.யும் உள்ள சர்க்யூட்டுக்கு 100 மில்லி ஆம்பியர் தாராளம். வைஃபை உள்ள போர்டு சிக்னல் அனுப்பும் நொடியில் சில நூறு மில்லி ஆம்பியர் துள்ளும். அதற்கு 100 வைத்தால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும், 500 வைக்க வேண்டும். பழுதாகி வந்த, உள்ளே என்ன நிலை என்று தெரியாத போர்டுக்கு நான் 50 மில்லி ஆம்பியரில்தான் ஆரம்பிப்பேன். வோல்ட்டைப் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். வோல்ட் ஏறவே மறுத்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று அந்தப் பெட்டியே சொல்லிவிடுகிறது. போர்டுக்கு ஒரு சேதமும் இல்லை.

இங்கேதான் நான் 22 வருஷம் கேட்ட வசனம் வருகிறது. "சார், வோல்ட் ஏற மாட்டேங்குது. ஆர்.பி.எஸ். ரிப்பேர்."

ரிப்பேர் இல்லை. வோல்ட் நிலையாக இருப்பதைச் சொல்லும் சி.வி. என்ற விளக்கு அணைந்து, கரண்ட் நிலையாக நிற்பதைச் சொல்லும் சி.சி. என்ற விளக்கு எரியும், பெரும்பாலும் சிவப்பு. நீங்கள் கட்டிய வரம்பைச் சர்க்யூட் தொட்டுவிட்டது, இனி கரண்டை அதே அளவில் நிறுத்துகிறேன், வோல்ட் எவ்வளவு விழுகிறதோ விழட்டும் என்று பெட்டி சொல்கிறது. அதே 24 ஓம் ரெசிஸ்டருக்கு 12 வோல்ட் வைத்து வரம்பை 0.3 ஆம்பியராகக் கட்டியிருந்தால் மீட்டரில் 7.2 வோல்ட்தான் நிற்கும். வோல்ட் நாபை எவ்வளவு ஏற்றினாலும் அசையாது. அந்த நேரத்தில் பத்தில் எட்டு கை போகிற இடம் கரண்ட் நாப்தான். திருப்புவார்கள், சிவப்பு விளக்கு அணையும், வோல்ட் ஏறும், முகத்தில் சிரிப்பு வரும், அப்புறம் புகை வரும். அந்த வரிசையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாதித் தடவை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, கை எட்டுவதற்குள்.

சிவப்பு விளக்கு வந்தால் கை முதலில் போக வேண்டியது அவுட்புட் பட்டனுக்கு. அணைத்துவிட்டு, ஏன் இவ்வளவு கேட்கிறது என்று சர்க்யூட்டைப் பார்க்க வேண்டும். நியாயமான காரணம் இருந்தால், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் மாதிரி, வரம்பை ஏற்றலாம். காரணம் தெரியாமல் ஏற்றக் கூடாது. இதை அவனை மூன்று முறை சொல்ல வைத்தேன்.

இவ்வளவு சொன்னபிறகு, அந்த இரண்டாவது நாப் எதிலிருந்து காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது ஒன்றே போதும் என்று நம்பினேன். மூன்று நிகழ்ச்சிகள் அந்த நம்பிக்கையை உடைத்தன.

முதலாவது சின்னது. ஒரு மாணவி வரம்பை 20 மில்லி ஆம்பியரில் சரியாகக் கட்டி, 12 வோல்ட்டில், ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி.யைத் தொட்டாள். "கரண்டைத்தான் கட்டியாச்சே சார், ரெசிஸ்டர் எதுக்கு?" என்று முறையாக யோசித்துத்தான் செய்தாள். பளிச்சென்று ஒரு வெளிச்சம், எல்.இ.டி. போய்விட்டது. நான் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. வெளியீட்டு முனைகளுக்குக் குறுக்கே, உள்ளே, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது. முனைகள் சும்மா இருக்கும்போது அது 12 வோல்ட் வரை நிறைந்து காத்திருக்கும். எல்.இ.டி. தொட்ட கணத்தில் அந்தத் தேக்கம் அப்படியே அதற்குள் இறங்கும். கரண்டைக் கட்டும் சர்க்யூட் கெப்பாசிட்டருக்குப் பின்னால் இருக்கிறது, இதை அது பார்ப்பதுகூட இல்லை. அன்றிலிருந்து எங்கள் லேபில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். அவுட்புட்டை அணைத்த நிலையில் மாட்டு, பிறகு போடு. அவுட்புட் பட்டன் இல்லாத பழைய பெட்டியானால் வோல்ட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கி மாட்டு, பிறகு ஏற்று. ஓடுகிற முனையில் எதையும் தொட்டு எடுத்து விளையாடாதே. அந்தப் பெண் கேட்ட கேள்வியால்தான் நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். இன்றும் அவளுக்கு நன்றி சொல்வேன்.

இரண்டாவது என் கையாலேயே நடந்தது. யு.பி.எஸ். பேட்டரி ஒன்று, 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர் அவர், அதன் கொள்ளளவு). அதை ஆர்.பி.எஸ்.ஸில் சார்ஜ் ஏற்றப் போனேன். அவசரத்தில் கிடைத்த இரண்டு பேட்ச் கார்டும் ஒரே மஞ்சள் நிறம். மாற்றி மாட்டிவிட்டேன். வரம்பு 0.7 ஆம்பியரில்தான் இருந்தது. ஆனால் பேட்டரி நம் வரம்பைக் கேட்காது, ஏனென்றால் இப்போது கரண்டைக் கொடுப்பது பேட்டரி. தலைகீழ் வோல்ட்டிலிருந்து காக்க வெளியீட்டுக்குக் குறுக்கே, கரண்டை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று இருக்கும். அது திறந்துகொண்டு பேட்டரிக்கு நேர்வழி கொடுத்துவிட்டது. இரண்டு மூன்று நொடிதான். கம்பியின் உறை கொதித்துக் கொப்புளம் விட்டது. பிடுங்கும்போது விரலில் ஒட்டிய பிளாஸ்டிக்கின் தழும்பு இன்னும் இருக்கிறது.

பேட்டரி விஷயத்தில் நான் கண்டிப்பானது அதற்குப் பிறகுதான். பேட்டரி முனைக்கு மிக அருகில், கம்பியிலேயே, ஒரு ஃபியூஸ். சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு, வேறு நிறம் மேசைக்கே வரக் கூடாது. மாட்டும் முன் மல்டிமீட்டரால் பேட்டரியின் பிளஸ் எது என்று பார்த்தே ஆக வேண்டும், அச்சடித்ததை மட்டும் நம்பக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரிக்கு மணிக்கணக்கில் விடுவதானால் 13.8 வோல்ட், கரண்ட் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 ஏ.எச்.சுக்கு 0.7. ஜன்னல் திறந்திருக்கட்டும், ஏறும்போது ஹைட்ரஜன் வரலாம். நடுவில் மின்சாரம் போனால் பேட்டரி பின்பக்கமாகப் பெட்டிக்குள் பாயும். பிளஸ் கம்பியில் ஒரு டயோடை வரிசையாகப் போட்டால் அது நிற்கும், ஆனால் டயோடில் அரை வோல்ட்டுக்கு மேல் விழும் என்பதால் வோல்ட்டைப் பேட்டரி முனையில் அளந்து வைக்க வேண்டும். லித்தியம் செல்லை இந்தப் பெட்டியில் ஏற்ற வேண்டாம் என்றுதான் அவனிடம் சொன்னேன். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். பல செல் சேர்ந்த பேக்கில் எந்தச் செல் எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்கென்று செய்த சார்ஜர் இருக்கிறது.

மூன்றாவது, ஆம்பூர் நண்பர் ஒருவர் கொண்டுவந்த வால்வு. ஷூ தைக்கும் மெஷினில் காற்றைத் திறந்து மூடும் சோலினாய்டு, அதாவது கம்பிச் சுருளால் இயங்குவது, 24 வோல்ட், அரை ஆம்பியருக்குள். 24 வோல்ட்தானே என்று இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து மாட்டி எடுத்துப் பார்த்தார். எடுத்த கணத்தில் "ஐயோ" என்று கையை உதறினார். சுருளில் ஓடிக்கொண்டிருந்த கரண்டைத் திடீரென வெட்டினால் அது சும்மா நிற்காது. நூற்றுக்கணக்கான வோல்ட்டை அந்தச் சுருளே ஒரு கணத்துக்கு உண்டாக்கும். கம்பி கையில் இருந்தால் கைக்கு, டிரான்சிஸ்டர் இருந்தால் டிரான்சிஸ்டருக்கு. ஒரு 1என்4007 டயோடு போதும், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வரும்படி சுருளுக்குக் குறுக்கே. மோட்டாருக்கும் இதுதான். குடியாத்தத்தில் அவன் ராட்டை மோட்டாருக்கு முதல் வேலையாக அதைத்தான் சால்டர் செய்ய வைத்தேன்.

பச்சை முனையைப் பற்றியும் கேட்டான். ஆர்.பி.எஸ்.ஸில் சிவப்பு, கருப்பு, நடுவில் பச்சை என்று மூன்று இருக்கும். கருப்பும் பச்சையும் ஒன்றுதான் என்று நினைக்காத மாணவனை நான் பார்த்ததில்லை. பச்சை என்பது பெட்டியின் உடம்பு, அங்கிருந்து மூன்று முள் பிளக் வழியாக மண். சிவப்பும் கருப்பும் அதற்குச் சம்பந்தமில்லாமல் மிதக்கின்றன. அதனால்தான் சர்க்யூட்டின் கிரவுண்டைப் பச்சையில் கொடுத்துவிட்டு "741 வேலை செய்யலை சார்" என்று வருவார்கள். 741 என்பது பிளஸ், மைனஸ் இரண்டு வோல்ட்டும் கொடுத்து ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. பிளஸ் 15, மைனஸ் 15 வேண்டுமானால் ஒரு சேனலின் கருப்பையும் இன்னொன்றின் சிவப்பையும் சேர்க்க வேண்டும், சேர்ந்த இடம்தான் பொது. இப்படி வரிசையாகச் சேர்த்து இரண்டையும் 30 வைத்தால் இரு கோடிகளுக்கும் நடுவில் 60 வோல்ட். டி.சி.யில் உலர்ந்த கைக்கு ஆபத்தில்லாதது என்று தரநிலைகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எல்லை அந்த 60தான். வேலூர் மே மாதத்தில் உலர்ந்த கை யாருக்கு இருக்கிறது? வியர்த்த கைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 30க்கு மேல் போனால் நான் ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன்.

சி.ஆர்.ஓ.வின் முதலைக் கிளிப்பும் அதன் பிளக் வழியாக அதே மண்ணுக்குத்தான் போகிறது. ஆர்.பி.எஸ்.ஸில் கருப்பையும் பச்சையையும் ஒரு தகடு இணைத்திருந்தால், கிளிப்பைச் சர்க்யூட்டின் வேறு புள்ளியில் வைத்ததும் மண் வழியாக ஷார்ட். இதற்குச் சில இடங்களில் ஒரு "தீர்வு" கண்டுபிடித்திருக்கிறார்கள். சி.ஆர்.ஓ. பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடுவது. எனக்கு இதைப் பார்த்தால் கோபம் வரும். அந்த முள்தான், உள்ளே மெயின்ஸ் கம்பி எங்காவது பெட்டியின் உடம்பில் பட்டால் உயிரைக் காப்பது. பிளக்கில் அது மட்டும் நீளமாக இருப்பதே மற்ற இரண்டுக்கும் முன்னால் தொட்டு, கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காக. எடுக்க வேண்டியது ஆர்.பி.எஸ்.ஸின் தகட்டை, முள்ளை அல்ல.

அக்கா வீட்டு மாடியில் பிளக்கில் மூன்று துளை இருந்தது. மூன்றாவதில் கம்பி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அவன் புதுப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். வகை, கரண்டை வேகமாக வெட்டி வெட்டி வோல்ட்டை மாற்றுவது. எர்த் இல்லாமல் போட்டால் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் பெட்டியின் உடம்பை மெயின்ஸ் வோல்ட்டில் பாதி அளவுக்குத் தூக்கி வைக்கும். தொட்டால் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் மென்மையான ஐ.சி.யைக் கொல்லும். உண்மையான பழுது வரும் நாளில் காப்பாற்ற அங்கே எதுவும் இருக்காது. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கீழிருந்து எர்த் கம்பி இழுத்தோம். கிணற்றடியில் பழைய எர்த் குழி ஒன்று இருந்தது. கரியும் உப்பும் போட்டு மூடிய குழி, மண் தூளாகக் காய்ந்து கிடந்தது. பாலாற்றுப் பக்கமே மணல் வெளுத்துக் கிடக்கும் கோடையில் குழியில் ஈரம் எங்கிருந்து வரும்? ஈரம் போனால் எர்த்தின் பலமும் போகும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டேன். துளசி மாடத்துக்கு ஊற்றும்போது அதற்கும் ஊற்றுகிறேன் என்றாள். அன்று நடந்ததில் மிக முக்கியமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

வெப்பம் பற்றிக் கொஞ்சம். பேப்பரில் "வேலூரில் வெயில் சதமடித்தது" என்று வரும் நாளில் லேபுக்குள் ஃபேன் சுடுகாற்றைத்தான் சுழற்றும். பழைய லீனியர் ஆர்.பி.எஸ். வேண்டாத வோல்ட்டையெல்லாம் உள்ளேயே சூடாக எரித்துத் தள்ளுவது. உள்ளே 40 வோல்ட் இருந்து வெளியே 5 வோல்ட், 2 ஆம்பியர் எடுத்தால், சர்க்யூட்டுக்குப் போவது 10 வாட், பெட்டிக்குள் வீணாவது 70 வாட். பலபேர் நினைப்பதற்கு நேர்மாறாக, குறைந்த வோல்ட்டில் அதிக கரண்ட் எடுப்பதுதான் பெட்டிக்குக் கஷ்டமான வேலை. பழைய பெட்டிகளின் முதுகில் 2என்3055 டிரான்சிஸ்டரைப் பார்க்கலாம். அது 115 வாட் தாங்கும் என்பது அதன் உறை 25 டிகிரியில் இருந்தால்தான். மே மாத வேலூரில் நள்ளிரவில்கூட 25 கிடைப்பது அபூர்வம். முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விடுங்கள். மேலே ரெக்கார்டு நோட்டு அடுக்காதீர்கள். வரம்பு வைக்க ஷார்ட் செய்தால் வேலை முடிந்ததும் உடனே எடுத்துவிடுங்கள்.

மின்சாரம் போய் வருவதும் எங்கள் பக்கத்துக்கே உரிய பாடம். பழைய பெட்டிகள் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து அப்படியே உயிர் பெறும். இருட்டில் நீங்கள் சர்க்யூட்டில் கை வைத்திருக்கும்போது மேசை விழித்துக்கொள்ளும். கரண்ட் போனால் முதலில் ஸ்விட்சை அணை, அப்புறம் ஜன்னலைத் திற.

பின்பக்கம் 115, 230 என்று ஒரு சின்னச் சறுக்கு ஸ்விட்ச் அவன் பெட்டியில் இருந்தது. 230 பக்கம்தான் இருந்தது, நல்லவேளை. 115இல் வைத்து நம் ஊர்ப் பிளக்கில் போட்டால் முதல் நாளே முடிந்துவிடும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும், செம்புக் கம்பியைச் சுற்றக் கூடாது. உள்ளே எஸ்.எம்.பி.எஸ். கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். என்னிடம் வந்த ஒரு பெட்டிக்குள் மெயின்ஸ் முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. அதற்காக ஓட்டைகளை டேப் போட்டு மூடிவிடாதீர்கள், காற்றுப் போக வேண்டும். வலை கட்டுங்கள்.

கம்பிகளை மட்டும் மாற்றச் சொன்னேன். பெட்டியோடு வந்த குரோகடைல் கம்பி பார்க்கத் தடிமனாக இருந்தது. உள்ளே செம்பு கொஞ்சம்தான், பாக்கியெல்லாம் ரப்பர். 3 ஆம்பியரில் அந்தக் கம்பியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தது. மீட்டர் 5.0 காட்டும், போர்டுக்கு 4.4 போகும், அவன் தன் சர்க்யூட்டைக் குறை சொல்லிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நான் போகும்போது நல்ல சிலிக்கான் கம்பி வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும், வோல்ட்டை எப்போதும் போர்டின் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்.

கடைசியாக ஓ.வி.பி. என்ற பட்டன், ஓவர் வோல்டேஜ் புரொடெக்ஷன். 3.3 வோல்ட் போர்டில் வேலை செய்யும்போது முழங்கை பட்டு வோல்ட் நாப் சுழன்றால் என்ன ஆகும்? ஓ.வி.பி.யை 3.6இல் வைத்துவிட்டால், மீறும்போது பெட்டி தானே வெளியீட்டை வெட்டும். இந்த வசதி எங்கள் பழைய ஆர்.பி.எஸ்.களில் இருந்ததில்லை. இருந்திருந்தால் எத்தனை மைக்ரோகன்ட்ரோலர்கள் பிழைத்திருக்கும்.

அக்கா போட்ட முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன்.

நான்கு நாள் கழித்து இரவு எட்டரைக்கு அவன் போன். "மாமா, சிவப்பு லைட்டு."

"கை எங்க இருக்கு?"

"எடுத்துட்டேன். அவுட்புட் ஆஃப்."

"என்ன வச்சிருந்த?"

"5 வோல்ட், 100 மில்லி ஆம்பியர். வோல்ட் 1க்கு மேல ஏறலை. கரண்ட் நாபைத் தொடலை மாமா."

போட்டோ அனுப்பச் சொன்னேன். புதிதாக ஒரு டான்டலம் கெப்பாசிட்டர் வைத்திருந்தான். சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் உடம்பில் உள்ள கோடு மைனஸைக் காட்டும். டான்டலத்தில் அதே கோடு பிளஸைக் காட்டும். பழக்கத்தில் மாற்றி வைத்துவிட்டான். தலைகீழ் டான்டலம் முழுக் கரண்டில் தீப்பிடித்து எரியும் சாமான். அவன் தொட்டுப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்ததாம், அவ்வளவுதான்.

"அதைத் திரும்பப் பயன்படுத்தாதே, தூக்கிப் போடு."

"சரி மாமா. புதுசு மாட்டிட்டு மறுபடி 100லேயே ஆரம்பிக்கிறேன்."

பின்னால் அக்கா சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகச் சொன்னேன். டக் என்று அந்தச் சத்தம் போனிலேயே கேட்டது.